வாங்குபவரைத் தேடி இரண்டாம் தடவை

விவசாயக் குழுக்களின் மாலைக் கூட்டங்களில் நான் வழமையாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “ஊரில் இருந்த காலத்தில் உங்கள் விளைச்சலை யார் வாங்கினார்கள்?” இதற்குப் பதில் சொல்ல எவரும் யோசிப்பதில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளிக்கிட்ட ஒரு பெரியவர், சுன்னாகம் சந்தையில் தமது வெங்காயத்தை வாங்கிய வியாபாரியின் கடை எந்தப் பக்கம், அவர் எத்தனை மணிக்கு வருவார், எந்த நாளில் விலையை இறக்கப் பார்ப்பார் என்பதையெல்லாம் நேற்று நடந்ததுபோல் சொன்னார். “என்ர கலியாணத்துக்கு வந்து முன்வரிசையில இருந்த மனிசன் அவர். உரத்துக்குக் காசில்லையெண்டு முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவார்” என்றார். அடுத்து நான் கேட்டேன்: “இப்போது இங்கே யார் வாங்குகிறார்கள்?” சற்று நேரம் பேச்சில்லை. பின்னர் சொன்னார்: “வாற ஆள் வாங்குறார்.”

இடம்பெயர்ந்த குடும்பங்கள் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. வீடு, கிணறு, நீரிறைக்கும் இயந்திரம், மாடு, ஆடு, தென்னை, பனை என்று இழந்தவற்றை எழுத இடம் இருந்தது. விளைச்சலை வாங்கிய மனிதரை இழந்தோம் என்று எழுத ஒரு படிவத்திலும் இடம் இருந்ததில்லை. ஆனால் அதுவும் ஓர் இழப்புத்தான். விதையையும் மண்வெட்டியையும் ஏதாவது ஒரு நிறுவனம் தந்துவிடும். நம்மை நம்பி முற்பணம் தரும் வியாபாரியை எந்த நிறுவனமும் பொதியில் கட்டித் தருவதில்லை.

வடபகுதி விவசாயிகளுக்கு இந்த அறுபடல் ஒரு தடவையோடு முடியவுமில்லை. 1990இல் ஒரு பகுதியினர், 1995இல் வலிகாமம் முழுவதும், பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி முழுவதும் என்று மக்கள் பெயர்ந்தனர். 2002இல் ஏ-9 பாதை திறந்தபோது பலர் கொழும்பு வியாபாரிகளோடு புதிதாகத் தொடர்பு பிடித்தார்கள். 2006 ஓகஸ்டில் பாதை மூடியதும் அதுவும் போயிற்று. 2009இன் பின்னர் பாதை மீண்டும் திறந்தபோது சந்தையின் முகமே மாறியிருந்தது. 1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மரக்கறி லொறிகள் வடக்கே ஏறி வரத் தொடங்கின. நமது நகரத்துக் கடைக்காரர்கள் அந்த லொறிகளுக்குப் பழகிப்போனார்கள். சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பங்களும், காணி இன்னும் விடுபடாமல் உறவினர் நிலத்திலும் குத்தகை நிலத்திலும் தோட்டம் செய்யும் குடும்பங்களும் இந்தச் சந்தைக்குள்தான் புதிய முகங்களாக நுழைய வேண்டியிருக்கிறது.

புதிய வியாபாரி ஒருவரை எப்படிச் சந்திப்பது என்பது இப்பாடத்தின் விடயமல்ல. சந்திப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. சந்தித்த பின்னர் என்ன செய்கிறோம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சுவாமிப் படத்தின் பின்னால் ஐந்து அட்டைகள்

விவசாயக் கண்காட்சி, பயிற்சி வகுப்பு, வாங்குவோரும் விற்போரும் சந்திக்கும் கூட்டம் என்று ஆண்டுக்குச் சில தடவையாவது நம்மில் ஒருவர் போய் வருகிறோம். அங்கே ஒரு கடை முதலாளியோ விருந்தினர் விடுதி முகாமையாளரோ நமது மிளகாய்த்தூளை மணந்து பார்த்து, “நல்லாயிருக்கு, கட்டாயம் கதையுங்கோ” என்று ஓர் அட்டையைத் தருகிறார். நாமும் சந்தோஷமாக வாங்கிச் சட்டைப்பையில் வைக்கிறோம். அந்தச் சட்டை தோய்த்துக் காயப்போடும்போது அட்டையும் தோய்ந்துவிடுகிறது. அக்கறையான வீடுகளில் மட்டும் அது தப்பிப் பிழைக்கிறது. ஒரு வீட்டில் சுவாமிப் படத்தின் பின்னால் ஐந்து அட்டைகள் ஒழுங்காகச் செருகியிருக்கக் கண்டேன். அந்த ஐவரில் எவரோடும் அவர்கள் ஒரு தடவைகூடப் பேசவில்லை. ஏன் என்று கேட்டேன். “அவைக்குத் தேவையெண்டால் எடுப்பினம்தானே” என்றார் அந்த வீட்டுக்காரர்.

இந்தப் பதிலைக் கேட்டு நான் கோபப்படவில்லை. பல ஆண்டுகள் பெயர் கூப்பிடும்வரை காத்திருந்து பழகிய மக்கள் நாம். உலருணவு வரிசையில் முந்தினால் ஏச்சு விழும்; நின்ற இடத்தை விட்டு விலகினால் அன்றைய அரிசி போய்விடும். அங்கே காத்திருப்பதுதான் புத்தி. சந்தையில் நிலைமை நேர்மாறானது. அங்கே எவரும் நமது பெயரைக் கூப்பிடப் போவதில்லை, ஏனெனில் நமது பெயர் எவருடைய பட்டியலிலும் இல்லை.

கூச்சமும் ஒரு காரணம். திரும்பப் போனால் இரந்து போவதாக நினைப்பார் என்ற எண்ணம் மானமுள்ள விவசாயிக்கு வருவது இயல்பே. அத்தோடு பஸ் காசு. அத்தோடு “இல்லை” என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அட்டை படத்தின் பின்னால் இருக்கும்வரை நம்பிக்கையும் இருக்கும். போய்க் கேட்டால் அதுவும் போய்விடக்கூடும் அல்லவா? இதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் இதுவே பெரிய தடை என்று நான் நினைக்கிறேன்.

கடைக்குள் நின்று பார்ப்போம்

சற்று நேரம் நாம் அந்தக் கடைக்காரராக இருந்து பார்ப்போம். அவர் அந்தக் கண்காட்சியில் நாற்பது பேரோடு பேசினார். வீடு திரும்பும்போது மூன்று முகங்கள் நினைவில் இருந்தால் பெரிது. மறுநாள் விடியற்காலை அவருடைய கடை வாசலில் வழமையான லொறி வந்து நிற்கிறது. சாமான் சில வேளை வாடியிருக்கும், விலையும் சற்றுக் கூட. ஆனால் லொறி வரும். அவருக்கு அதுதான் முக்கியம். பத்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினாலும் அவர் பிழைத்துக்கொள்வார். தட்டு வெறுமையாக இருந்து வாடிக்கைக்காரர் எதிர்க்கடைக்குப் போனால் பிழைக்க முடியாது.

ஆகவே நம்மைப் பற்றி அவர் மனத்தில் எழும் கேள்விகள் விலையைப் பற்றியவை அல்ல. இவர்கள் சொன்ன நாளில் வருவார்களா? காட்டிய மாதிரியும் தரும் மூடையும் ஒன்றாக இருக்குமா? ஒரு தடவை தந்துவிட்டுக் காணாமற் போவார்களா? இந்தக் கேள்விகளுக்கு முதற் சந்திப்பில் எவராலும் பதில் சொல்ல முடியாது. வாயால் சொன்னாலும் அவர் நம்பமாட்டார், நம்பவும் கூடாது. நாம் திரும்பத் திரும்பப் போய்ச் சொன்னபடி நடப்பதொன்றே பதில். திரும்பப் போவது இரத்தல் அல்ல என்பதற்கும் இதுவே காரணம். அவர் கேட்காமல் கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டுபோகிறோம்.

எனது டயறியில் இருந்த தொடர்பு

இந்த இடத்தில் எனது பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் கச்சான் செய்யும் சில குடும்பங்களோடு வேலை செய்துகொண்டிருந்தேன். வாசலுக்கு வரும் வான்காரர் சொல்லும் விலைக்கே எல்லோரும் விற்று வந்தார்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலமாக, நகரத்தில் கச்சான் வறுத்துப் பைகளில் அடைத்து விற்கும் ஒரு முதலாளியைப் பிடித்தேன். நானே கதைத்தேன், நானே விலை தீர்த்தேன், நானே லொறி ஒழுங்கு செய்தேன். இரண்டு போகம் நன்றாகப் போயிற்று. எனது அறிக்கையில் ‘சந்தைத் தொடர்பு ஏற்படுத்திக் கொடுக்கப்பட்டது’ என்று எழுதினேன். பிறகு எனக்கு வேறிடத்துக்கு மாற்றம் வந்தது.

ஓராண்டு கழித்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். அந்தப் போகத்துக் கச்சான் முழுவதும் மறுபடியும் வான்காரரிடமே போயிருந்தது. “ஏன் அந்த முதலாளியோடு கதைக்கவில்லை?” என்று கேட்டேன். குழுத் தலைவி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பாதர், அவர் உங்கட ஆள் எல்லோ. நாங்கள் எடுத்தால் என்ன நினைப்பாரோ எண்டு விட்டிட்டம்.” நகரத்துக்குப் போனபோது முதலாளியிடமும் விசாரித்தேன். “அவையளை எனக்கு ஆரெண்டே தெரியாது பாதர். உங்கட பழைய இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தன், வேலை செய்யேல்லை. பிறகு தெரிஞ்ச இடத்தில வாங்கிவிட்டன்” என்றார்.

இருவரும் நல்லவர்கள். இருவருக்கும் மற்றவர் தேவைப்பட்டார். இடையில் நின்ற நான் விலகியதும் பாலம் விழுந்துவிட்டது. தொடர்பு எனது டயறியில் இருந்தது. அந்தக் குடும்பங்களின் கையில் இருக்கவில்லை.

அடுத்த போகத்துக்கு முன்னர் குழுத் தலைவியையும் இன்னொரு பெண்ணையும் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு அந்த முதலாளியிடம் போனேன். நான் தள்ளிப் போய்க் கதிரையில் இருந்து வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பிரசங்கம் வைத்துப் பழகிய வாய்க்கு அது இலேசான காரியமல்ல. முதலாளி அவர்கள் கொண்டுவந்த கச்சானில் ஒன்றை உடைத்துப் பார்த்தார். “தங்கச்சி, இது நல்லாக் காய்ஞ்சிருக்கு. ஆனால் ரெண்டு முறையும் மூடையின்ர நடுவில ஈரம் இருந்தது. பாதரிட்டச் சொன்னனான்” என்றார். சொன்னார்தான். அதை நான் குழுவிடம், “இன்னும் கொஞ்சம் கவனமாகக் காயவையுங்கள்” என்று மென்மையாக்கிச் சொல்லியிருந்தேன். நடு என்ற சொல் என் வாயில் தொலைந்துபோயிருந்தது. அதைக் கேட்டவுடன் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாகப் பிடுங்கியதை அரைக் காய்ச்சலில் நடுவே கொட்டிக் கட்டியது எந்த வீடு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஈரக் கச்சான் சிறிய விடயமல்ல. கோதை ஆட்டினால் உள்ளே பருப்புக் கிலுகிலுக்க வேண்டும். ஈரலிப்பு மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். அதிலிருந்து உண்டாகும் அஃப்லடொக்சின் என்ற நஞ்சு ஈரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முற்றாகப் போகாது. இந்தப் பயத்தினால்தான் முதலாளி விலையைக் குறைத்து வந்திருக்கிறார். அன்று இன்னொன்றும் தெரியவந்தது. சிறு பருப்பைத் தனியாகத் தெரிந்து தந்தால் அதை இனிப்புப் பண்டத்துக்கென வேறாக எடுப்பாராம். கலந்து தந்தால் முழுவதற்கும் சின்னதின் விலைதான். இரண்டு போகமாக அவரோடு பேசிய எனக்கு இது தெரியாது. நான் கேட்கவில்லை. கச்சான் செய்கிறவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி வாயில் வரும்.

எங்களைப் போன்ற குருக்கள், நிறுவன உத்தியோகத்தர்கள், கிராம மட்டத் தலைவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அறிமுகம் செய்துவைப்பதோடு நமது வேலை முடிய வேண்டும். இரண்டாம் தடவை விவசாயிதான் போக வேண்டும்.

கொப்பியும் மாதிரிப் பையும்

இனி, செய்கிற முறை. ஒருவரைச் சந்தித்த அன்றே, பஸ்ஸில் திரும்பும்போதே, ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பெயரும் இலக்கமும் அட்டையில் இருக்கும். அட்டையில் இல்லாததைத்தான் எழுத வேண்டும்: எங்கே சந்தித்தோம், அவர் எதைத் தூக்கிப் பார்த்தார், என்ன கேட்டார், எந்த நாளில் சாமான் எடுப்பார், கடையில் நிறுப்பவர் யார், காசு தருபவர் யார். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். “காம்போடு இருக்கக்கூடாது” என்று செத்தல் மிளகாயைப் பற்றி அவர் சொல்லியிருந்தால், ‘தரமானது தேவை’ என்று எழுதிப் பயனில்லை.

பிறகு ஒரு கிழமைக்குள் போங்கள். ஒரு மாதம் போனால் அவருக்கு நமது முகம் மறந்துபோம். முதலிலிருந்து தொடங்க வேண்டும். போகும்போது ஒரு கிலோவோ அரைக் கிலோவோ மாதிரி கொண்டுபோங்கள், பையில் பெயரும் இலக்கமும் எழுதி. வீட்டிலுள்ள மிகச் சிறந்ததைத் தெரிந்து கொண்டுபோகாதீர்கள். மூடை மூடையாகத் தரக்கூடியது எதுவோ அதுவே மாதிரி. கடையில் சாமான் இறக்கும் விடியற்காலையில் போய் நிற்க வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டின் பின்னர் மரக்கறிக் கடைகளில் சற்று ஓய்வு இருக்கும். “முதலாளி, கண்காட்சியில வெண்டிக்காய் பார்த்துக் கதைச்சனீங்கள், நாங்கள் இன்ன ஊர்” என்று தொடங்கினால் போதும். முதல் நாளே வாங்கச் சொல்லிக் கேட்காமல், அவர் இப்போது எங்கே எடுக்கிறார், அதில் அவருக்கு என்ன குறை என்று கேளுங்கள். தம் குறையைச் சொல்ல ஆரம்பித்த வியாபாரி பாதி நம்முடையவர்.

தெற்கிலிருந்து வரும் வியாபாரிகளோடு பேசச் சிங்களம் தெரியாதே என்று பலர் பின்வாங்குகிறார்கள். எண்கள், கிழமை நாட்கள், நாளை, நாளை மறுதினம், முடிந்தது, மழை என்று ஐம்பது சொற்கள் தெரிந்தால் வியாபாரம் ஓடும். பாடசாலையில் சிங்களம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவே ஆசிரியர்.

இரண்டு பேர் போவது நல்லது. ஒருவர் ஒவ்வொரு தடவையும் போகிறவர், மற்றவர் பழகுகிறவர். ஒருவர் மட்டுமே அறிந்த தொடர்பு அவருடைய சுகவீனத்தோடு நின்றுவிடும். கொப்பியின் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து இன்னொரு வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள். காணி உறுதியை ஓலைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு ஓடிய மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விற்க ஒன்றுமில்லாத நாளில் கதைப்பது

நம்மவர் விடும் பெரிய தவறு, அறுவடையன்று மட்டும் தொலைபேசி எடுப்பது. அன்று ஊரில் எல்லோரிடமும் அதே சாமான் இருக்கும். வியாபாரிக்கு அன்று நூறு அழைப்பு வரும்.

பயிருக்கு ஒரு நாட்கணக்கு இருக்கிறது அல்லவா? அதையே தொடர்புக்கும் கணக்காக வைத்துக்கொள்ளலாம். வெண்டி விதைத்தால் ஏறத்தாழ 45 முதல் 50 நாளில் முதல் காய் பிடுங்கலாம். அதன்பின் இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை பிடுங்கியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் முற்றிப்போம். சின்ன வெங்காயம் குமிழ் நட்டால் 60 முதல் 75 நாள். கச்சான் மூன்று மாதமோ அதற்குச் சற்றுக் கூடவோ. விதைத்த கிழமையில் ஒரு தடவை: “முதலாளி, கால் ஏக்கர் வெண்டி போட்டிருக்கிறம்.” பூக்கும் காலத்தில் ஒரு தடவை: “பயிர் நல்லா நிக்குது, இன்ன மாதம் முதற் கிழமையில காய் வரும்.” பிடுங்குவதற்குப் பத்து நாளைக்கு முன்னர் ஒரு தடவை: “கிழமைக்கு மூன்று நாள் தரலாம், ஒரு நாளைக்கு இத்தனை கிலோ.” மூன்று அழைப்பு, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். அவரும் அதற்கேற்ப லொறிக்காரரிடம் சொல்லி வைக்க முடியும். வட்ஸ்அப்பில் தறையின் படம் ஒன்றை அனுப்பினால் இன்னும் நல்லது. ஆனால் தினமும் காலை வணக்கமும் பூப்படமும் அனுப்புகிறவர்களை வியாபாரிகள் சத்தமில்லாமல் மூடி வைத்துவிடுகிறார்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஒவ்வொரு நாளும் விலை கேட்டு எடுப்பதும் அப்படித்தான். சொல்ல ஒரு விடயம் இருக்கும்போது மட்டும் கதையுங்கள்.

கூடாத செய்தியை இன்னும் விரைவாகச் சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழி மழைக்குத் தோட்டம் அழிந்தால் நம்மில் பலர் வெட்கத்தால் தொலைபேசியை நிறுத்திவிடுகிறோம். ஒரு பெண் அப்படிச் செய்யவில்லை. வெள்ளம் ஏறிய அன்று பின்னேரமே கடைக்காரருக்கு எடுத்து, “அண்ணை, எங்கட வெண்டி போட்டுது. மேட்டுக் காணிக்காரர் ஒராளிட்ட இருக்கு, அவரின்ர இலக்கம் தாறன்” என்றார். அந்தப் போகத்தில் அவர் ஒரு கிலோவும் விற்கவில்லை. தண்ணீர் வடிந்த பின் முதல் அழைப்பு அந்தக் கடைக்காரரிடமிருந்துதான் வந்தது: அடுத்து என்ன போடப்போகிறீர்கள் என்று.

கொடுத்த வாக்கும் வாசலில் நிற்கும் காசும்

இப்பாடத்தில் சிரமமான பகுதி இதுதான். வெள்ளிக்கிழமை நூறு கிலோ தருவதாகக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறோம். வியாழக்கிழமை பின்னேரம் வான்காரர் வாசலில் நின்று கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கையில் காசு வைக்கிறார். பிள்ளையின் ரியூசன் காசு கட்ட வேண்டும், அடகுச் சிட்டை தவணை முடிகிறது. வாக்கைக் காப்பாற்றுங்கள் என்று இருக்கையில் இருந்துகொண்டு சொல்வது எனக்கு எளிது; அந்த முற்றத்தில் நிற்பவருக்கு எளிதல்ல. வாக்கை முறித்தவர்களை நான் குற்றவாளிகளாகப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கடைக்கு அவர்கள் திரும்பப் போக முடியாமற் போனதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் ஆலோசனை, வாக்கைச் சிறிதாகக் கொடுங்கள் என்பதே. தோட்டத்தில் வருமென்று எதிர்பார்ப்பதில் மூன்றிலொரு பங்கை மட்டும் வாக்களியுங்கள். மிச்சத்தைச் சந்தையிலோ வான்காரரிடமோ அன்றன்றைய விலைக்கு விற்றுக்கொள்ளலாம். அவசரத்துக்கும் காசு வரும், வாக்கும் நிற்கும். ஒரு இளைஞர் இருநூறு கிலோ பயற்றங்காய் தருவதாக ஒரு விடுதிக்குச் சொல்லி எண்பது கிலோவோடு போய் நின்றார். எண்பது என்று சொல்லி எண்பதைக் கொடுத்திருந்தால் அவர் இன்றும் அங்கே கொடுத்துக்கொண்டிருப்பார்.

சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ ‘கழிவு’ என்று வெட்டுவது வடக்கின் விவசாயிகளுக்குப் பழகிப்போன வலி. கடைக்காரரோடு நேரடித் தொடர்பு உண்டானால் அதைப் பற்றி இருந்து பேச முடியும்: “நாங்களே தெரிஞ்சு கழிச்சுத் தாறம், நிறுத்தபடி காசு தாங்கோ.” சந்தை நெரிசலில் இப்படிப் பேச இடமில்லை. வீட்டில் ஒரு தடவை நிறுத்து எழுதிக்கொண்டு போங்கள்.

காசு பின்னர் தருகிறேன் என்கிற கடைகளும் உண்டு. எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் அல்லர். அவருக்கும் சம்பளம், வாடகை இருக்கிறது. சிட்டைக் கொப்பியில் திகதி, நிறை, தொகை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அவர் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், அந்தச் சிட்டையோடு போங்கள். அதற்கு முந்தியும் போக வேண்டாம், பிந்தியும் போக வேண்டாம். இரண்டு சிட்டைக்குக் காசு வராமல் மூன்றாவது மூடை இறக்க வேண்டாம். அதையும் முகம் சுளிக்காமல் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

வாங்குபவர் மட்டுமல்ல

லொறிச் சாரதி, விதைக் கடைக்காரர், கமநல சேவை நிலையத்து அலுவலர், விவசாயப் போதனாசிரியர், வங்கியில் கடன் பகுதியில் இருப்பவர் எல்லோரும் இந்தக் கொப்பியில் இருக்க வேண்டியவர்களே. சாரதிகளுக்கு எந்தச் சந்தையில் இன்று என்ன தட்டுப்பாடு என்பது வியாபாரிக்கு முன்னரே தெரியும். உத்தியோகத்தர்களுக்கு இடமாற்றம் வரும். வரும்போது, “உங்கட இடத்துக்கு வாறவருக்கு எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கோ” என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பழைய ஆட்களையும் விட்டுவிட வேண்டாம். தொடக்கத்தில் சொன்ன பெரியவர் அந்தக் கூட்டத்தின் பின்னர் சுன்னாகத்துக்குப் போய் வந்தார். அந்த வியாபாரி இறந்துவிட்டார். மகன் கடையை நடத்துகிறார். “அப்பா உங்கட பேரைச் சொல்லிக் கதைச்சவர்” என்று தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, வன்னி வெங்காயம் எப்போது வரும் என்று கேட்டாராம். புதிய முகமாக ஆறு மாதம் ஓடித் தேட வேண்டிய நம்பிக்கை அங்கே ஒரு தேத்தண்ணியோடு கிடைத்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கையாளர் 1930களில் கூட்டுறவுச் சங்கமாகத் திரண்டு கடலுக்கு அப்பால் திருவிதாங்கூர்ச் சந்தைக்கு விற்றவர்கள். வெகு தூரத்து வாங்குபவரோடு தொடர்பைப் பேணுவது நமக்குப் புதிய வித்தை அல்ல; இடையில் அறுந்துபோன வித்தை.

குழுவில் செய்து பார்க்க

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கும் அட்டைகளையும் கைத்தொலைபேசியில் இருக்கும் வியாபாரிகளின் இலக்கங்களையும் கொண்டுவாருங்கள். மேசையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் பின்வருவனவற்றைக் கேளுங்கள். இவரைக் கடைசியாகக் கண்டது எப்போது? அவர் கேட்ட எதற்காவது நாம் இன்னும் பதில் சொல்லாமல் இருக்கிறோமா? நமது தோட்டத்தில் இப்போது நிற்கும் பயிரில் இவருக்குத் தேவையானது எது, அது எத்தனை நாளில் வரும்?

பின்னர் இரண்டு பெயர்களை மட்டும் தெரிவு செய்யுங்கள். யார் யார் போவது, எந்த நாளில் போவது, என்ன மாதிரி கொண்டுபோவது என்பதைக் கூட்டத்திலேயே முடிவு செய்து கூட்ட அறிக்கையில் எழுதுங்கள். பஸ் காசைக் குழுவின் சேமிப்பிலிருந்து கொடுங்கள். போய் வந்தவர்கள், வாங்குகிறேன் என்றாரோ இல்லை என்றாரோ, அவர் சொன்ன சொற்களை அப்படியே அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும், மென்மையாக்கக் கூடாது.